டைட்டானியமா, எஃகா: நாள் முழுக்க ஆணி அடிப்பவருக்கு எந்தச் சுத்தியல்?

22 அவுன்ஸ் எஃகுச் சுத்தியலை வருடக்கணக்கில் வீசியவர்களுக்கு முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கும்போதுதான் டைட்டானியம் பேச்சு வருகிறது. விலையைக் கேட்டதும் தயக்கமும் வருகிறது. நல்ல எஃகுச் சுத்தியல் ஐந்தாறு வாங்கும் பணத்தை ஒன்றிலேயே போடுவதா? கூட வேலை செய்பவர்களில் ஒருவர் "வெறும் பகட்டு" என்பார். இன்னொருவர் "ஒருமுறை பிடித்துப் பார், பழையதைத் தொடமாட்டாய்" என்பார். அவரவர் செய்யும் வேலையை வைத்துப் பார்த்தால் இரண்டு பேச்சுமே சரியாக இருக்கலாம்.

இந்தச் சுத்தியல்கள் அமெரிக்கா, கனடாவின் மரச்சட்ட வீடுகளுக்காக உருவானவை. இரண்டுக்கு நாலு, இரண்டுக்கு ஆறு சட்டங்களை 3½ அங்குல ஆணியால் இணைத்துச் சுவர், தரை, கூரை எழுப்பும் வேலை அது. டொரண்டோ பக்கம் அந்த வேலையில் இருக்கும் தமிழர்களுக்கு இது நேரடிக் கேள்வி. தமிழ்நாட்டில் அந்த அளவுக்குக் கையால் ஆணி அடிப்பவர்கள் சென்ட்ரிங் வேலைக்காரர்களும், ஓட்டுக்கூரைக்கு ரீப்பர் அடிப்பவர்களும்தான். கதவு, ஜன்னல், கட்டில் செய்கிற ஆசாரிக்கு இந்தச் செலவு தேவையே இல்லை. அவருடைய உளிக்குக் கொட்டாப்புளி இருக்கிறது. ஆணிக்கு ஒரு சாதாரணச் சுத்தியல் போதும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டைட்டானியத்தை அடியின் பலத்துக்காக வாங்க வேண்டாம். கைக்காக வாங்குங்கள். அதையும் ஒரு நாளில் கையால் எத்தனை ஆணி அடிக்கிறீர்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

## எதையெல்லாம் வைத்துப் பார்க்க வேண்டும்

எடையும் வேகமும். சுத்தியலில் குறித்திருக்கும் அவுன்ஸ் தலையின் எடை. பிடியோடு சேர்ந்த மொத்த எடை வேறு. ஆணியை மரத்துக்குள் தள்ளுவது தலையின் இயக்க ஆற்றல். எடை இரண்டு மடங்கானால் அந்த ஆற்றலும் இரண்டு மடங்காகும், வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும். 20 அவுன்ஸ் தலை, அதாவது 567 கிராம், நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் இறங்கினால் சுமார் 28 ஜூல் கிடைக்கும். 14 அவுன்ஸ் தலை (397 கிராம்) அதே 28 ஜூலைத் தர நொடிக்கு 12 மீட்டர் வேகம் வேண்டும். லேசான தலையை நீளமான பிடியில் போட்டு வீசினால், பழகிய கைக்கு அந்த 20 விழுக்காடு கூடுதல் வேகம் எட்டிவிடும். லேசான சுத்தியல் வேலை செய்வதன் கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு: கையை முழுதாக ஓங்க இடம் வேண்டும். இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒரு சாண் மட்டுமே ஓங்க முடிகிற இடத்தில் வேகம் ஏறாது, அங்கே கனமான தலைதான் ஜெயிக்கும். இன்னொன்று உந்தம், அதாவது எடையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. மேலே சொன்ன இரண்டு அடிகளிலும் ஆற்றல் சமம். ஆனால் லேசான தலையின் உந்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. நிமிர்த்திய சுவரின் அடியைக் கால் அங்குலம் தள்ளுவது, முளையைத் தரையில் இறக்குவது, சென்ட்ரிங் பலகையைத் தட்டிக் கழற்றுவது எல்லாம் உந்தம் கேட்கும் வேலைகள். அங்கே 14 அவுன்ஸ் உதவாது.

டைட்டானியச் சுத்தியல் செய்யும் ஸ்டிலெட்டோ நிறுவனம் தன் விளம்பரத்தில், டைட்டானியம் வீச்சின் ஆற்றலில் 97 விழுக்காட்டை ஆணிக்குத் தருகிறது, எஃகு 70 விழுக்காடுதான் தருகிறது என்று சொல்லிவந்திருக்கிறது. அந்த எண்ணை நம்பி பணத்தை எடுக்க வேண்டாம். ஆணியின் தடிமன், மரத்தின் கெட்டி, அடி நேராக விழுந்ததா என்பதைப் பொறுத்து அது அடிக்கு அடி மாறும்.

கையால் அடிக்கும் ஆணிகள். வட அமெரிக்க வேலைத்தளங்களில் பெரும்பாலான ஆணிகளை இன்று நெயில்கன் என்னும் ஆணி அடிக்கும் கருவி அடிக்கிறது. அங்கே சுத்தியல் நாளின் பெரும்பகுதி இடுப்பு பெல்ட்டில் தொங்குகிறது. லேசானதாக இருந்தால் இடுப்புக்கு நிம்மதி. ஆனால் நெயில்கன் விட்டுவைக்கும் வேலைகளைக் கவனியுங்கள்: சட்டத்தைத் தட்டி நேராக்குவது, சுவரைத் தள்ளுவது, தப்பாக அடித்த ஆணியைப் பிடுங்குவது, பாதியில் நின்ற ஆணியை உள்ளே இறக்குவது. இவற்றில் முதல் இரண்டும் கனத்தைக் கேட்பவை. எனவே நெயில்கன் வைத்திருப்பவர், நாள் முழுக்கக் கையால் அடிப்பவர், இருவருக்கும் ஒரே பதில் கிடையாது.

அதிர்ச்சி. ஆணி தலைவரை இறங்கிய பிறகும் விழும் அடி, ஆணியைத் தவறவிட்டு மரத்தில் விழும் அடி, இவைதான் கைக்கு வரும். எஃகுத் தலையும் எஃகுப் பிடியும் ஒரே துண்டாக இருந்தால் அந்த அதிர்வு அப்படியே மேலே ஏறும். மரப்பிடி ஒரு பங்கை விழுங்கிக்கொள்ளும். டைட்டானியத்தின் விறைப்பு எஃகின் பாதியைவிடச் சற்றுத்தான் அதிகம், அடர்த்தியும் குறைவு. அதனால் டைட்டானியப் பிடியிலும் அதிர்வு மட்டுப்படுகிறது.

முகம், அதாவது ஆணியில் படும் பக்கம். எஃகுச் சுத்தியலின் முகத்தைச் சூடேற்றி ஆற்றிக் கெட்டிப்படுத்தியிருப்பார்கள். டைட்டானியக் கலவை அவ்வளவு கெட்டி வராது. பல் வெட்டிய சொரசொரப்பு முகம் ஆணித்தலையில் வழுக்காமல் பிடிக்கும், ஆனால் மரத்தில் கட்டம் கட்டமாகத் தடம் பதிக்கும். கண்ணுக்குத் தெரியும் வேலைக்கு வழுவழு முகம்தான் வேண்டும்.

பிடுங்கும் வேலை. பின்பக்கக் கொம்பைப் போட்டு நெம்பும்போது எது உடையும் என்பதையும் பார்க்க வேண்டும்.

## ஹிக்கரிப் பிடி போட்ட டைட்டானியத் தலை

ஸ்டிலெட்டோவின் 14 அவுன்ஸ் இந்த வகையில் பெயர் பெற்றது. முழு டைட்டானியத் தலை, ஹிக்கரி என்னும் கெட்டி மரத்தில் 18 அங்குலப் பிடி, ஆணியை ஒற்றைக் கையால் தொடங்கிவைக்கக் காந்தம் பதித்த பள்ளம். டைட்டானிய உலகத்துக்குள் நுழைய மலிவான வழி இது. கைக்கு மிக மென்மையானதும் இதுதான். தலைக்கு மேல் கை தூக்கி அடிக்கும் வேலை, அதாவது கூரைச் சட்டமும் உத்தரத்துக் கைமரமும், அதிகம் உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் இதையே.

இதில் தேய்வது முகம். பற்கள் மெதுவாக மழுங்கும். தலை முழுதும் டைட்டானியம் என்பதால் மாற்றிப்போட முகம் கிடையாது, மழுங்கினால் தலையே மழுங்கியதுதான். சொரசொரப்பா வழுவழுப்பா என்பதை வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். கிரைண்டரில் பிடித்துச் சீர்படுத்தலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். டைட்டானியத்தின் நுண்துகள் தீப்பற்றக்கூடியது. கண்ணைப் பறிக்கும் வெள்ளைப் பொறியும் பறக்கும்.

உடைவது பிடி. ஆணியைத் தாண்டி விழும் அடியில் தலைக்குக் கீழே, கழுத்துப் பகுதியில்தான் அடிபடும். அந்த நான்கு அங்குலத்துக்கு சைக்கிள் டியூப்பை இறுக்கிச் சுற்றிவிட்டால் பிடியின் ஆயுள் கூடும். பெரிய ஆணியை நெம்பும்போது தலைக்குக் கீழே ஒரு மரத்துண்டு வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சின்னக் கடப்பாரையை எடுங்கள், இந்தப் பிடியை நம்பாதீர்கள்.

## ஒரே உடல் டைட்டானியம், மாற்றும் எஃகு முகம்

ஸ்டிலெட்டோவின் டைபோன் 15 அவுன்ஸ் இந்த வகை. தலையும் பிடியும் ஒரே டைட்டானியத் துண்டு, முன்னால் கெட்டி எஃகு முகம். மேலே சொன்ன இரண்டு குறைகளும் இதில் தீர்கின்றன. முகம் தேய்ந்தால் முகத்தை மட்டும் மாற்றலாம். காலையில் சொரசொரப்பு, மாலையில் வழுவழுப்பு என்று வேலைக்கேற்பவும் போடலாம். பிடி உடையாது என்பதால் ஆணியைத் தயங்காமல் பிடுங்கலாம். தலையின் பக்கவாட்டில் ஆணி பிடுங்கும் பள்ளமும் உண்டு. பின்கொம்பு நுழையாத இடத்தில் அதை மாட்டி, பிடியைப் பக்கவாட்டில் சாய்த்தால் ஆணி வந்துவிடும். சட்ட வேலையில் அடிக்கடி உதவும் வசதி அது.

கவனிக்க வேண்டியது முகம் உடலோடு சேரும் இடம். அது தளர்ந்திருந்தால் அடிக்கும்போது ஓசை மாறும், மெல்லிய கிலுகிலுப்பு கேட்கும். கேட்ட அன்றே இறுக்குங்கள். தளர்ந்த முகத்தோடு தொடர்ந்து அடித்தால் எஃகு முகம் மிருதுவான டைட்டானிய மேடையைத் தின்றுவிடும். அதன்பின் புது முகமும் சரியாக உட்காராது. மாற்று முகம் எங்கே கிடைக்கும் என்பதைச் சுத்தியல் வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

## டைட்டானியப் பிடி, எஃகுத் தலை

டைபோனை வடிவமைத்த மார்க் மார்டினெஸ் பின்னர் தனியே தொடங்கிய நிறுவனத்தின் எம்1 இந்த வகை. பெயர் டைட்டானியம் என்றாலும் அடிக்கும் தலை 15 அவுன்ஸ் எஃகு. டைட்டானியம் பிடியில்தான் இருக்கிறது. இது வேறு சிந்தனை: பிடியின் எடையைக் குறைத்து, இருக்கும் எடையை எல்லாம் அடிக்கும் இடத்தில் குவிப்பது. அதனால் வீசும்போது தலை முன்னால் இழுக்கும், 15 அவுன்ஸை மீறிய அடி போலத் தெரியும். தலையைக் கழற்றி மாற்றலாம், ரப்பர்ப் பிடியையும் மாற்றலாம். கெட்டி எஃகுத் தலை என்பதால் முகம் தேய்வது பெரிய கவலையில்லை.

விலையில் இது உச்சத்தில் இருக்கும். தினமும் சுத்தியலோடு வாழ்பவர், பாகங்களை மாற்றி மாற்றிப் பல வருடம் வைத்திருக்கப்போகிறவர், இவர்களுக்கு மட்டும் கணக்கு ஒத்துவரும். நுண்வேலைக்கு 12 அவுன்ஸ் எம்4 இருக்கிறது. அலங்காரப் பட்டி அடிக்கிறவருக்கு அவ்வளவு விலை தேவையில்லை என்பது எங்கள் எண்ணம்.

## ஒரே துண்டு எஃகு

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில் 1923 முதல் இயங்கும் எஸ்ட்விங்தான் இதற்கு அடையாளம். நீலப் பிடி போட்ட 22 அவுன்ஸ் சட்ட வேலைச் சுத்தியலைப் பார்க்காத வேலைத்தளம் அங்கே குறைவு. தலை கழன்று பறக்காது, பிடி முறியாது. நெம்பலாம், இடிக்கலாம், கான்கிரீட்டில் ஒட்டிய பலகையைப் பெயர்க்கலாம். தொலைந்தாலும் திருடு போனாலும் மனசு உடையாது.

செலவு கையில்தான் விழுகிறது. அதிர்வை மட்டுப்படுத்த அந்த நீல உறை ஒன்றுதான் இருக்கிறது. நாளுக்கு ஐம்பது ஆணி அடிப்பவருக்கு அது போதும். காலையிலிருந்து மாலைவரை அடிப்பவருக்குப் போதாது.

## மரப்பிடி போட்ட எஃகு

பலரும் தாண்டிப்போகிற, ஆனால் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துகிற வழி இது. கையில் இருக்கும் 22 அவுன்ஸ் ஒரே துண்டுச் சுத்தியலை வைத்துவிட்டு, நல்ல மரப்பிடி போட்ட 16 அல்லது 18 அவுன்ஸ் எஃகுச் சுத்தியலுக்கு மாறிப் பாருங்கள். டைட்டானியம் தரும் நிம்மதியில் பெரும்பங்கு எடையைக் குறைப்பதிலிருந்தும் மரப்பிடியிலிருந்தும் வருகிறது. அந்த இரண்டையும் இது மிகக் குறைந்த செலவில் தந்துவிடும். டைட்டானியத்தில் பணம் போடும் முன் இந்தச் சோதனையை எல்லோரும் செய்ய வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

தமிழ்நாட்டுக் கோடையில் பிடி வற்றிச் சுருங்கி, தலை ஆடும். தண்ணீரில் ஊறப்போட்டால் அப்போதைக்கு இறுகும், காய்ந்ததும் முன்பைவிட மோசமாக ஆடும். பிடியின் மேல்முனையை ஆளிவிதை எண்ணெயில் ஓரிரு நாள் நிறுத்திவைத்து, தலையை இறுக்கும் ஆப்பை இன்னொரு தட்டு தட்டி இறக்குங்கள். பிடி தேர்ந்தெடுக்கும்போது முனையில் தெரியும் ரேகைகள் அடிக்கும் திசையில், அதாவது முகத்திலிருந்து பின்கொம்பை நோக்கி ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முறியும்.

## அலுமினியம்

எஸ்ட்விங்கின் ஆல்-ப்ரோ 14 அவுன்ஸ்: அலுமினிய உடல், எஃகு முகம். டைட்டானியத்தைவிட நன்றாகவே விலை குறைவு. எடைக்குறைப்பில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அலுமினியம் மிருது. கொம்பின் முனைகள் கெட்டி ஆணிகளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சிதையும். ஆணி அடிப்பது அதிகம், பிடுங்குவது குறைவு என்றால் தாராளமாகப் பார்க்கலாம்.

| வகை | தலை எடை (அவுன்ஸ்) | கைக்கு அதிர்வு | பிடுங்குவது, இடிப்பது | முதலில் கெடுவது | விலை |
|---|---|---|---|---|---|
| டைட்டானியத் தலை, மரப்பிடி | 14 | மிகக் குறைவு | கவனமாக | முகத்துப் பல், பிடி | அதிகம் |
| ஒரே உடல் டைட்டானியம் | 15 | குறைவு | நன்று | எஃகு முகம் (மாற்றலாம்) | மிக அதிகம் |
| டைட்டானியப் பிடி, எஃகுத் தலை | 15 | குறைவு | நன்று | ரப்பர்ப் பிடி (மாற்றலாம்) | உச்சம் |
| ஒரே துண்டு எஃகு | 22 | அதிகம் | மிக நன்று | பிடி உறை | குறைவு |
| எஃகுத் தலை, மரப்பிடி | 16–20 | குறைவு | கவனமாக | பிடி | மிகக் குறைவு |
| அலுமினியம் | 14 | குறைவு | சுமார் | கொம்பு முனை | நடுத்தரம் |

## விலைச்சீட்டில் தெரியாத செலவுகள்

டைட்டானியம் ஏன் இந்த விலை? தாது அரிதானதல்ல. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இல்மனைட் கொட்டிக்கிடக்கிறது. தாதுவைக் குளோரைடாக்கி, மெக்னீசியத்தோடு வினைப்படுத்தி உலோகமாகப் பிரிப்பதில்தான் பணம் கரைகிறது. சூடான டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்ஸிஜனையும் நைட்ரஜனையும் இழுத்து நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும் என்பதால், உருக்குவதும் வார்ப்பதும் காற்றில்லாத சூழலில் நடக்க வேண்டும். அதனால் மிகக் குறைந்த விலைக்கு "டைட்டானியம்" என்று வருவதைச் சந்தேகியுங்கள். டைட்டானியம் பூசிய எஃகாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கண்டுபிடிக்க ஒரு காந்தம் போதும். எஃகு முகத்தையும், ஆணி பிடிக்கும் காந்தப் பள்ளத்தையும் விட்டுவிட்டு உடலில் வையுங்கள். டைட்டானியத்தில் ஒட்டாது. அலுமினியத்திலும் ஒட்டாது என்பதால் பருமனையும் பாருங்கள். 400 கிராம் எஃகு சுமார் 51 கன சென்டிமீட்டர், அதே எடை டைட்டானியம் சுமார் 90, அலுமினியம் சுமார் 148.

இந்தியாவுக்கு வரவழைத்தால் இறக்குமதி வரியும் கூரியர் செலவும் சேரும். உதிரி முகத்துக்கும் ஹிக்கரிப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அதே செலவு. வாங்குவதென்றால் முதல் முறையிலேயே ஒரு உதிரி முகத்தையோ பிடியையோ சேர்த்து வரவழையுங்கள்.

வேறு கருவிகளும் கூட வேண்டும். டைட்டானிய முகத்தால் கெட்டி எஃகு உளியையோ பஞ்ச் (punch) கருவியையோ அடிக்கக் கூடாது, குழி விழும். கல்லிலோ கான்கிரீட்டிலோ உரசி அடித்தால் சூடான வெள்ளைப் பொறி தெறிக்கும். தின்னர், வார்னிஷ், குவிந்த மரத்தூள் பக்கத்தில் அது ஆபத்து. ஆகவே இடிக்கவும் உளி அடிக்கவும் பழைய எஃகுச் சுத்தியல் ஒன்று பெட்டியில் இருந்தே ஆக வேண்டும். திருட்டையும் கணக்கில் சேருங்கள். பலர் வந்துபோகும் தளத்தில் இதைச் சாரத்தின் மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போக முடியாது.

## யாருக்கு எது

நாள் முழுக்கக் கையால் 3 அங்குலத்துக்கு மேற்பட்ட ஆணி அடிப்பவர், மரம் டக்ளஸ் ஃபர், பைன் போன்ற மிருது ஊசியிலை மரம்: டைபோன் போன்ற ஒரே உடல் டைட்டானியம். முகத்தை மாற்றும் செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள். தலைக்கு மேல் அடிப்பதே முக்கிய வேலை என்றால் ஹிக்கரிப் பிடி 14 அவுன்ஸ்.

நெயில்கன் வைத்திருப்பவர்: சுவர் தள்ளும் வேலை நிறைய இருந்தால் எஃகு, இல்லாவிட்டால் பெல்ட்டில் லேசாகத் தொங்கும் அலுமினியம்.

சென்ட்ரிங்: ஆணி அடிப்பதும் கழற்றுவதும் சரிபாதி. கான்கிரீட் ஒட்டிய பலகையில் எந்த முகமும் அடி வாங்கும். ஒரே துண்டு எஃகுதான் சரி. கை வலிக்கிறவர்கள் அடிக்க 16 அவுன்ஸ் மரப்பிடி, கழற்றக் கடப்பாரை என்று பிரித்துக்கொள்ளலாம்.

தேக்கு, வேங்கை போன்ற கெட்டி மரம்: இங்கே லேசான சுத்தியலின் வேகம் ஆணியை வளைக்கத்தான் உதவும். ஆணித் தடிமனில் முக்கால் பங்கு விட்டமுள்ள துளை முதலில் போடுங்கள். துளை போட்டபின் எந்தச் சுத்தியலும் போதும்.

வீட்டு வேலைக்கு ஒன்று வேண்டும் என்பவர்: 16 அவுன்ஸ், வழுவழு முகம், எஃகு.

## மாறிய முதல் சில நாட்கள்

கனமான சுத்தியலுக்குப் பழகிய கை லேசானதை எடுத்ததும் இரண்டு தப்பு செய்யும். பழைய வேகத்திலேயே வீசும், அப்போது ஆணி இறங்க ஓரிரு அடி கூடுதலாகும். பிறகு அதை ஈடுகட்ட இறுக்கிப் பிடித்துத் தோளால் அடிக்கும். அதில் குறி தப்பி ஆணி வளையும். கையைப் பிடியின் கடைசி முனைக்குக் கொண்டுபோங்கள். பிடியை விரல்களால் தளர்வாகப் பிடித்து, முழங்கையில் தொடங்கும் வீச்சை மணிக்கட்டின் சொடுக்கில் முடியுங்கள். இறுக்கிப் பிடிப்பதுதான் முழங்கைத் தசைநாரை இழுப்பது. எவ்வளவு விலைகொடுத்த சுத்தியலும் அதைத் தடுக்காது. கைக்குப் பிடி மெலிதாக இருந்தால் தானாகவே இறுக்கிப் பிடிப்பீர்கள், அதனால் ஒரு சுற்று டேப் போட்டுப் பருமனாக்கிக்கொள்ளுங்கள்.

முழங்கை ஏற்கெனவே வலிக்கிறது என்றால், சுத்தியல் மாற்றி இரண்டு மூன்று வாரமாகியும் டம்ளரைத் தூக்கும்போதோ கதவுக் குமிழைத் திருகும்போதோ வலி இருந்தால், ஆணி அடிப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ பாருங்கள்.